பதினான்காவது பட்டை

மதுரை ரயில் நிலைய வாசலில் எங்களிடம் முதலில் பேச்சுக் கொடுத்த ஆட்டோக்காரர், எங்கள் பெண்களின் சட்டை மார்பில் இருந்த சின்னக் கொடியை உற்றுப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவா?" என்று கேட்டார்.

"மலேசியாண்ணே," என்றேன்.

"அங்கிட்டும் இதே மாதிரி கோடு கோடாத்தானா? சரி, ஏறுங்க."

மூன்று ஆட்டோக்களில் ஏறினோம். ஒன்பது கபடிக்காரிகள், அவர்களோடு நான். எனக்குக் கபடி ஆடத் தெரியாது. கெடா மாநிலத்தில் ஒரு பள்ளியில் பூகோளம் கற்றுக்கொடுக்கிறேன். மாத்திரை, பாஸ்போர்ட் என்கிற கடப்பிதழ், சண்டை சமாதானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளர் வேண்டுமென்று கிளப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்கள் கபடிப் போட்டி. இலங்கையிலிருந்து ஓர் அணி வருகிறது, மலேசியாவிலிருந்து நாங்கள். தொடக்க விழாவில் ஒவ்வொரு வெளிநாட்டு அணியும் தன் தேசியக் கொடியோடு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எங்கள் கொடியைத் தூக்கப் போகிறவள் தேவிகா.

தேவிகாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அணித் தலைவி. தைப்பிங்கில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். ஆனாலும் போன வருடம்வரை அவளுக்குக் குடியுரிமை கிடையாது. அவள் பிறந்தபோது பெற்றோர் கல்யாணம் பதிவாகியிருக்கவில்லை. அப்படியானால் பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமைதான் கணக்கு. அம்மாவுக்கோ எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதிவில்லாமலே வளர்ந்துவிட்ட மனுஷி அவர். எங்கள் அணி வெளிநாடு போகும்போதெல்லாம் தேவிகா விமான நிலையம்வரை வந்து, பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்து, கையசைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். தலைவி இல்லாத அணியாக நாங்கள் போய்த் தோற்று வருவோம். போன வருடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வந்தது, பின்னால் கடப்பிதழும் வந்தது. இது அவளுடைய முதல் வெளிநாடு. விமானத்தில் இருக்கை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது.

பசுமலை விடுதியில் இறங்கிப் பைகளை அடுக்கும்போது, "டீச்சர், அந்த நீளப் பை எங்க?" என்று கேட்டதும் அவள்தான்.

நீளமான நீலப் பை. கொடியும் கம்பும் அதற்குள்தான். ஆட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. எடுத்தது நினைவில்லை. வெளியே ஓடினோம். திருப்பரங்குன்றம் சாலையில் போகிற ஆட்டோவெல்லாம் மஞ்சளாகவே இருந்தது.

திரும்ப ரயில் நிலையத்துக்கே போனோம். ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு உதவினார்கள். ஒருவர் நாலைந்து பேருக்குப் போன் போட்டார். "ஏ மாப்ள, மலேசியாப் புள்ளைக ஏத்துனியா? இல்லையா? சரி சரி, பசுமலைக்கு எவன்டா வந்தான்?" எங்களுக்காக அவர் பட்ட கோபத்தைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. ஆனால் பை கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்று மாலை பன் பரோட்டா சாப்பிடப் போனோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெலிந்து, மொறுமொறுவென்று, தட்டில் ஒதுங்கிப் பணிவாக உட்கார்ந்திருக்கும். இது உப்பி, எண்ணெயில் குளித்து, சால்னாவுக்குள் இறங்கியதும் மலர்ந்துபோகிறது. பெண்கள் ஆளுக்கு மூன்று உள்ளே தள்ளினார்கள். எங்கள் அணியின் ஒரே மலாய்ப் பெண் நூருல், வாயில் உணவோடு மலாயில் சொன்னாள்: "இதை அம்மாவுக்குச் சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் இதுதான் நன்றாயிருக்கிறது." எல்லோரும் சிரித்தார்கள். தேவிகா ஒரு பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை போட்டி அமைப்பாளர் ராசு அண்ணன் வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். கபடி என்றால் சோறு தண்ணி வேண்டாம். நான் போனில் சொன்ன கொடி விஷயத்தைக் கேட்டதும், விடியும் முன்பே எழுந்து உசிலம்பட்டியில் பேனர் அடிப்பவரை எழுப்பியிருக்கிறார்.

"டீச்சரம்மா, கவலைய விடுங்க. கொடி ரெடி," என்றபடி ஒரு சுருளைப் பிரித்துக் கட்டிலில் விரித்தார். கூடவே எல்லோருக்கும் மல்லிகைப்பூ.

பளபளப்பான பேனர் துணி. பின்பக்கம் வெறும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் கொடிதான். நான் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது, தேவிகா குனிந்து விரலால் பட்டைகளை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கீழே வந்து நின்றாள்.

"பதிமூணுதான் இருக்கு," என்றாள்.

எங்கள் கொடியில் பதினான்கு பட்டைகள். சிவப்பில் ஆரம்பித்து வெள்ளையில் முடியும். பேனர் கொடி சிவப்பில் ஆரம்பித்துச் சிவப்பிலேயே முடிந்திருந்தது. அமெரிக்கக் கொடிதான் அப்படி முடியும். நட்சத்திரத்துக்கும் பதினான்கு முனை வேண்டும். இதில் பதினாறு இருந்தது.

ராசு அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆத்தாடி! ஒரு கோடு கொறஞ்சு போச்சாக்கும். ஏத்தா, மைதானத்துல அம்புட்டுக் கூட்டம் இருக்கும். யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன் அண்ணே," என்றாள் தேவிகா.

அதட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு அவளே, "கோவிச்சுக்காதீங்க. நீங்க தூங்காம செஞ்சிருக்கீங்க. ஆனா இத என்னால தூக்க முடியாது. கொடி இல்லாம வெறுங்கையோட வேணும்னா நடந்துடறேன்," என்றாள்.

ராசு அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். நான் பயந்துபோயிருந்தேன். விருந்தாளிகளாக வந்த இடத்தில், காலை நேரத்தில், இப்படி ஆகிவிட்டதே என்று. அவரோ சட்டென்று பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்ப கெளம்புங்க. டவுனுக்குள்ள நமக்கு ஒரு அக்கா இருக்கு. எந்தக் கொடின்னாலும் தைக்கும். விழா நாளைக்குத்தான? நேரம் கெடக்கு," என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நானும் தேவிகாவும் நூருலும் அவரோடு போனோம். மதுரையின் பழைய நகரத்துக்குள் கார் நுழைவது ஒரு தனி அனுபவம். எங்கள் ஊரில் ஒலிப்பான் அடித்தால் வம்பு என்று பொருள். இங்கே அது 'நான் வாரேன்' என்று சொல்கிற மரியாதை. மாசி வீதிகளில் ஒன்றில் கார் நின்றே போனது. ஒரு பசுமாடு நடுவே நின்று எங்களைப் பார்த்தது. இறங்கி நடந்தோம். வழியில் ராசு அண்ணன் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் வெல்லமும் கலந்து, சூடாக, தொண்டையில் இறங்கும்போதே தெம்பு வந்தது. பருத்தி விதையிலிருந்து பால் எடுக்கிறார்கள் என்பதை நூருல் கடைசிவரை நம்பவில்லை.

ஜரீனா அக்காவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. சுவரெல்லாம் கட்சிக் கொடிகள், கோயில் கொடிகள், பள்ளிக்கூட விளையாட்டு விழாக் கொடிகள். அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் இஞ்சு டேப்பு. நூருலின் தலைத்துணியைப் பார்த்துச் சலாம் சொன்னார். பிறகு தேவிகாவின் சட்டையிலிருந்த கொடியை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"கோடு ஒண்ணும் வேலையில்ல. பிறை நம்ம வீட்டு ஆளு, வெட்டிரலாம். இந்த நட்சத்திரந்தான் முறைக்குது. எத்தன முனை?"

"பதினாலு," என்றோம் மூவரும்.

"பதினாறுன்னு வச்சுக்கிட்டா ஜல்தியா முடியும். பேப்பரப் பாதி பாதியா மடிச்சு வெட்டிருவேன். எங்க கொடிச் சக்கரத்துல இருபத்திநாலு ஆரம். அதுகூட மடிப்புல வந்துரும். பதினாலுக்கு ஏழா மடிக்கணும். ஏழா எவ மடிப்பா?"

"பதினாலுதான் வேணும் அக்கா," என்றாள் தேவிகா.

ஜரீனா அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. மடிப்போம்."

அளவைத் தீர்மானித்தோம். கொடியின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஒரு பட்டைக்கு இரண்டு அங்குலம் என்று வைத்தேன். பதினான்கு பட்டைக்கு இருபத்தெட்டு அங்குலம். நீளம் ஐம்பத்தாறு. சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் கடையிலேயே இருந்தன. நீலம்தான் இல்லை. ராசு அண்ணனும் நானும் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு ஓடினோம். என் போனில் ஒரு நீலம், அவர் போனில் வேறு நீலம், கடைக்காரர் போனில் மூன்றாவது நீலம். கடைசியில் திரும்பி வந்து நூருலின் பையிலிருந்த, கொடி போட்ட மாற்றுச் சட்டையையே வாங்கிக்கொண்டு போய், கடை வாசல் வெயிலில் துணிக்கட்டுகளோடு ஒட்டி ஒட்டிப் பார்த்தோம். ஆறாவது கடையில் அச்சாக அதே நீலம். ராசு அண்ணன் தெருவென்றும் பார்க்காமல் கைதட்டினார்.

நாங்கள் திரும்பியபோது கடைக்குள் ரகளை. தரையெல்லாம் மடித்துக் கசக்கிய காகிதங்கள். ஏழாக மடித்தால் ஏதாவது ஒரு முனை கோணிக்கொண்டு நின்றது. பாகைமானி வைத்துக் கணக்குப் போட்டேன். முந்நூற்றறுபதைப் பதினான்கால் வகுத்தால் முழு எண்ணாக வராது. சுற்றி வரும்போது பிழை சேர்ந்துகொண்டே போய், கடைசி முனை குட்டையாகிவிட்டது.

அப்போது தேவிகா, "அக்கா, உங்க வீட்டுல இருக்கிற தட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"விளிம்பச் சுத்தி டேப் வச்சா இருபத்தெட்டு அங்குலம் வர்ற தட்டு ஒண்ணு வேணும். அப்ப ரெண்டு ரெண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வச்சா பதினாலு வந்துடும்லா!"

அப்புறம் ஜரீனா அக்காவின் சமையலறையே கடைக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு, பிரியாணித் தாம்பாளம், குக்கர் மூடி, பக்கத்து வீட்டு இட்லிச்சட்டி மூடி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் டேப்பைச் சுற்றி, "முப்பத்தொண்ணு!" "இருபத்தாறு!" என்று கத்தினோம். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னக்கா, சீர் வரிசையா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு பழைய எவர்சில்வர் தட்டைச் சுற்றிய நூருல் அப்படியே உறைந்து நின்றாள். டேப்பின் நுனி இருபத்தெட்டில் தொட்டது. மயிரிழைகூடப் பிசகவில்லை. அவள் மலாயில் கூவியதை இங்கே எழுத முடியாது. சந்தோஷத்தில் சொன்னது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டை வைத்து வெளிவட்டம். உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து உள்வட்டம். வெளியே பதினான்கு புள்ளி, உள்ளே இடைவெளிகளுக்கு நடுவே பதினான்கு புள்ளி. கோடு போட்டதும் நட்சத்திரம் எழுந்து வந்தது. கொடிக்கு இரண்டு பக்கமும் வேண்டுமே, அதனால் இரண்டு நட்சத்திரம், இரண்டு பிறை வெட்டினோம்.

தையல் ஓடத் தொடங்கியதும் ஜரீனா அக்கா கேட்டார்: "இம்புட்டுப் பாடுபடுறமே, இதுக்கெல்லாம் அர்த்தம் என்ன?"

நான் வகுப்பறைப் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள், மன்னர்களின் நிறம். நீலம், மக்கள் ஒற்றுமை. பிறை, நாட்டின் சமயமான இஸ்லாம். பட்டைகளும் முனைகளும் மாநிலங்கள், கூடவே மத்திய அரசு. "முதல்ல பதினோரு பட்டைதான் இருந்துச்சு. அப்புறம் சபா, சரவாக், சிங்கப்பூர் மூணும் சேர்ந்ததும் பதினாலாச்சு. பிற்பாடு சிங்கப்பூர் தனியாப் போயிடுச்சு."

"போனவுக பட்டைய வெட்டலையா?"

"வெட்டல. அது மத்திய அரசுக்குன்னு வச்சுக்கிட்டாங்க."

அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே யோசித்தார். "எங்க கொடியில அந்த வம்பே இல்ல. மாநிலம் எம்புட்டுப் பிரிஞ்சாலும் மூணே பட்டை. யாரும் எண்ணிப் பாத்து எனக்கு இடம் இருக்கான்னு கேக்க முடியாது."

"நான் கேட்டேன் அக்கா," என்றாள் தேவிகா.

துணியை மடியில் வைத்திருந்தாள். தலை நிமிரவில்லை. "ஸ்கூல்ல திங்கக்கெழம அசெம்பிளில கொடி ஏத்துவாங்க. எனக்கு சிட்டிசன்ஷிப் இல்லன்னு ஆறாம் வகுப்புல தெரிஞ்சுது. அப்ப எந்தப் பட்டை நம்மளோடதுன்னு பாப்பேன். பதிமூணு மாநிலத்துக்கு, ஒண்ணு அரசாங்கத்துக்குன்னு எங்க டீச்சர் சொல்லியிருந்தாங்க. மிச்சம் எதுவும் இல்ல. சரி, கடைசி வெள்ளை என்னோடதுன்னு நானே வச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

காலையில் பேனரில் விடுபட்டிருந்தது எந்தப் பட்டை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நடந்துகொண்டது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

ஜரீனா அக்கா தையலை நிறுத்தினார். எழுந்து, மிஷின் முன்னாலிருந்த முக்காலியைக் காலால் தேவிகா பக்கம் தள்ளினார். "கடைசிப் பட்டைய நீ ஓட்டு. மிதிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கபடி ஆடுறவளுக்குக் காலு பேசாதா? உக்காரு, நான் துணியப் புடிச்சுக்கிறேன்."

தையல் கொஞ்சம் ஆறுபோல வளைந்து போனது. இரண்டு முறை நூல் அறுந்தது. ராசு அண்ணன் கதவோரம் நின்று, "நேராத்தான் போகுது, நேராத்தான் போகுது," என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நான்கு முனைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, சந்தில் விரித்தோம். தேவிகா மறுபடி மேலிருந்து எண்ணினாள். இந்த முறை சத்தமாக. நாங்களும் சேர்ந்துகொண்டோம். "பதினாலு!" என்றபோது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மூன்றாம் நாள் எழுமலைப் பக்கம் போனோம். நகரம் முடிந்ததும் நிலம் அகன்றது. எங்கள் கெடாவும் நெல் விளைகிற சமவெளிதான். ஆனால் அங்கே பச்சை கண்ணை மூடிவிடும். இங்கே செம்மண், சோளத்தட்டை, தூரத்தில் நீலமாக மலை என்று பார்வை எங்கும் தடைபடாமல் போகிறது. வழியில் எங்கள் வேனின் டயர் பஞ்சரானது. ஒன்பது கபடிக்காரிகள் வேனைக் கையாலேயே தூக்கிவிடப் பார்த்தார்கள். ஓட்டுநர், "ஏத்தா, ஜாக்கி இருக்கு, ஜாக்கி இருக்கு!" என்று பதறினார்.

ஆட்டத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிப் பெண்களிடம் தோற்றோம். அவர்கள் பிடித்தால் பிடித்ததுதான், மீள முடியாது. இலங்கை அணியை ஜெயித்தோம். தேவிகா ஒரே தடவை பாடிப் போய் மூவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது உள்ளூர்க் கூட்டம் அவளுக்காக எழுந்து நின்று விசிலடித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன் நடந்தது.

தொடக்க விழா சாயங்காலம். மைதானத்தைச் சுற்றி டிராக்டர்கள்மீதெல்லாம் ஆட்கள். ஜரீனா அக்கா வீட்டுக்காரரோடு பஸ் பிடித்து வந்து, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். ராசு அண்ணன் மூங்கில் கம்பைச் சீவிக் கொடுத்திருந்தார். எங்கள் அணியின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் தேவிகா கொடியை உயர்த்தினாள். மலைப்பக்கமிருந்து வந்த காற்று அதை ஒரே உதறலில் விரித்தது. வளைந்த தையல் தாங்கியது. ஜரீனா அக்கா கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். தேவிகா மார்பை நிமிர்த்தி, கண்ணை நேரே வைத்து நடந்தாள். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

நடக்க ஆரம்பிக்கும் முன்பே அவள் என்னிடம் தன் போனைக் கொடுத்திருந்தாள். "அம்மாக்கு வீடியோ போட்டுக் காட்டுங்க டீச்சர்." தைப்பிங்கில் அப்போது இருட்டிவிட்டிருந்தது. தொழிற்சாலையில் துப்புரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார் அம்மா. போனைச் சாப்பாட்டு மேசையில் எதன்மீதோ சாய்த்துவைத்து, திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் கிடைத்த அட்டை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பம் எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"தெரியுதாமா?" என்று கத்தினேன்.

"தெரியுது டீச்சர், தெரியுது. வெயிலா இருக்கே அங்க. புள்ள சாப்ட்டாளா?"

"சாப்ட்டா, சாப்ட்டா. கொடியப் பாருங்க, அவளே தச்சது!"

"அவளா? அவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதே!"

அணி மைதானத்தின் நடுவில் வந்து நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் நாட்டுப்பண் ஒலிக்கத் தொடங்கியது. மைதானத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. நானும் விறைப்பாக நின்றேன். போனை மட்டும் மார்புக்கு நேரே, கொடியைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன்.

அம்மாவின் முகத்தைக் காணவில்லை. வேலைச் சீருடையின் நடுப்பகுதி மட்டும்தான் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் விரல்களை மடக்கிக் கீழ்நோக்கி நீட்டிய இரண்டு கைகள். மேசை முன் எழுந்து நிற்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பாட்டு முடியும்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

ஒலிபெருக்கி அடங்கியது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். திரையில் முகம் மெல்லக் குனிந்து வந்தது.

"முடிஞ்சுதா டீச்சர்? உக்காரலாமா?"